போணிக்கு முன் கேட்ட சம்பளம்

நான் பி.ஏ. முடித்த வருஷம் அப்பா எனக்கு ஒரு விலை வைத்தார். மாதம் நூற்றைம்பது ரூபாய். காஞ்சிபுரத்தில் கோபுர வாசலில் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் தட்டில் அடுக்கி விற்கிற கடை அவருடையது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"நூத்தம்பது குடுத்தாங்கன்னா வேலைக்குப் போ. ஒரு ரூபா கொறஞ்சாலும் வூட்ல இரு. அம்பதுக்கும் நூறுக்கும் பொண்ணைக் கடைக்கு அனுப்பறான்னு நாலு பேரு பேசறதைக் கேட்டுக்கினு என்னால அங்க உட்கார முடியாதும்மா."

வீட்டில் இருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. தென்னேரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். ஏரிப் பாசன நிலம், மாடு கன்று, நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வேலைக்குப் போகிற மருமகள் அந்த வீட்டுக்கு ஆகாதாம். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு என் வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

காலேஜில் படித்துக்கொண்டே இரண்டு வருஷம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் கடிதம் எழுதினேன். சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை, சனிக்கிழமை மட்டும் காலையிலிருந்தே. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் புடவை கேட்டு இங்கிலீஷில் கடிதம் வரும். முதலாளியின் இங்கிலீஷ் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் பதில் எழுதுவேன், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்கிற வி.பி.பி. பார்சலில் புடவை போகும். மாதம் நாற்பது ரூபாய். படிக்கிற பெண்ணுக்கு அது ராஜபோகம். படிப்புச் செலவுக்கு ஆகிறதே என்று அப்பாவும் அப்போது தடை சொல்லவில்லை.

அதில் ஒரே தொல்லை நிறம்தான். அரக்கு, மயில் கழுத்து என்பதையெல்லாம் இங்கிலீஷில் எழுதினால் அவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்வார்கள், பார்சலைப் பிரித்தால் வேறொன்று இருக்கும். வாரத்துக்கு ஒரு புடவையாவது திரும்பி வந்துவிடும். ஒருநாள் சலித்துப்போய், புடவையின் முனையில் தொங்கிய நூலில் நாலு இழையைக் கத்தரித்து, கடிதத்தின் மூலையில் ஓட்டை போட்டு முடிந்து அனுப்பினேன். அதற்கப்புறம் பார்சல் திரும்புவது நின்றுபோனது. முதலாளி ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் மறுநாள் என் மேஜை மேல் ஒரு புதுக் கத்தரிக்கோல் இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

முதலாளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடை திறந்து முதல் விற்பனை, அதாவது போணி, ஆகிறவரை 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. கேட்ட நிறம் கடையிலேயே கிடையாது என்றாலும் "உட்காருங்க, பாக்கலாம்" என்பார். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால்கூட, முடியாது என்று சொல்லாமல் பேசிப் பேசி ஒரு ரவிக்கைத் துண்டையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். ஊரில் எல்லாக் கடையிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் இவரைப் போல விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர் என் அப்பா ஒருவர்தான்.

ஆகவே போணிக்கு முன்னால் போய்ச் சம்பளம் கேட்பது என்று முடிவு செய்தேன். அதிலும் ஆடி மாதமாகப் பார்த்து. ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுக் கடைக்கு ஈ காக்கை வராது, போணி ஆகப் பதினோரு மணி ஆகிவிடும். பேச நேரம் நிறைய இருக்கும். வியாபாரமே நடக்காத மாதத்தில் போய்ச் சம்பளம் கேட்கிறோமே என்று இந்த மகா புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

நான் போனபோது முதலாளி அப்போதுதான் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வெள்ளை விரித்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி, டிகிரி முடிஞ்சிடுச்சி. இனிமே முழு நேரமும் வரலாம்னு இருக்கறேன்."

"வாம்மா. உன் மேஜை அங்கயேதான இருக்குது?"

"சம்பளம் பேசணும்."

"எவ்ளோ எதிர்பாக்கற?"

நூற்றைம்பது வேண்டுமென்றால் கூட்டித்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

"நூத்தி எம்பது."

அவர் தெருவைப் பார்த்தார். ஒரு ரிக்‌ஷாகூட இல்லை. "போணி ஆவட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

"இப்பவே சொல்லிடுங்க, முதலாளி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உள்ள உட்கார்ந்து லெட்டர் எழுதிக்கினு இருக்கறன்னு நெனச்சேன். கடையை இல்ல படிச்சிக்கினு இருந்திருக்கற!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

"போணிக்கு வந்துட்ட. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா போணிக்கு வந்தவங்களும் வேணான்னு எழுந்து போவக்கூடாது. போனா அன்னிக்குப் பூரா கடை வெளங்காது. தெரியுமில்ல?"

தெரியும். தெரிந்தே, வழக்கத்தின் அந்தப் பாதியைச் சௌகரியமாக மறந்திருந்தேன்.

"நூத்தி இருவது" என்றார். "இப்ப வாங்கறதுக்கு மூணு மடங்கு."

"அது ரெண்டரை மணி நேரத்துக்கு. இனிமே பத்து மணி நேரம். நாலு மடங்கு வரணும், முதலாளி."

"நீ தேங்காக் கடைக்காரர் பொண்ணா, கணக்கு வாத்தியார் பொண்ணா?"

"பார்சல் திரும்பி வந்து எத்தினி மாசம் ஆவுது?"

உடனே அவர் நூற்றிமுப்பது என்றார். நான் நூற்றறுபது என்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. பக்கத்துக் கிராமம் கூரத்திலிருந்து ஒரு குடும்பம், ஆடியிலும் புடவை எடுக்க வந்தவர்கள். முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"நூத்தி நாப்பது. தை பொறந்தா நூத்தம்பது. இதுக்கு மேல இழுக்காதம்மா."

அந்தக் குடும்பத்து அம்மாள் படி ஏறிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எழுந்து, அவர் கண் முன்னால் கடையை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. "சரி, முதலாளி" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான்.

பத்து ரூபாய். ஒரே ஒரு பத்து ரூபாயில் தென்னேரி ஏரிக்கரையில் போய் விழப்போகிறோம் என்று வழியெல்லாம் அழுகை முட்டியது. வீட்டில் அப்பா "என்னா சொன்னாங்க?" என்றார். "காலையில சொல்றேன்பா" என்று அடுக்களைக்குள் போய்விட்டேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் மேலே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கோபுர வாசலில் நின்றேன். வழக்கமாக வீட்டு மனிதர்கள் கடையின் பின்பக்கமாகத்தான் போவோம். அன்று நான் வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில், முன்னால் நின்றேன். அப்பா தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

"அப்பா, நூத்தி நாப்பது. தை மாசம் நூத்தம்பது. போவட்டுமா?"

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னும் போணி ஆவலம்மா" என்றார்.

"தெரியும்பா."

அப்பா ஒரு தட்டை எடுத்தார். தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம் எல்லாம் வைத்து என் முன்னால் நகர்த்தினார்.

"ஒன்னேகா ரூபா" என்றார்.

மகள் என்று காலணாகூடக் குறைக்கவில்லை. கைக்குட்டை முடிச்சில் என் கடைசிச் சம்பளம் நாற்பது ரூபாயில் மிச்சம் இருந்தது. எண்ணிக் கொடுத்தேன். அதுவரை என் சம்பளத்திலிருந்து ஒரு பைசா அவர் தொட்டதில்லை, என் செலவு போக மீதியெல்லாம் அம்மா கைக்குத்தான் போகும். அந்தக் காசை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போணி ஆகிவிட்டது. இனி அவர் 'இல்லை' என்று தாராளமாகச் சொல்லலாம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அப்பா தேங்காய் நாரைக் கையிலிருந்து தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சாயங்காலம் வரும்போது தென்னேரிக்காரங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. மனசு நோவாம எழுது. உனக்குத்தான் அது கைவந்த வேலையாச்சே."