ஸ்பீருவுக்கு என்ன வேண்டும்?

ஸ்பீரு ஷிக்லூனாவுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. மால்டாவில் பிறக்கிற பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே ஏதாவதொரு கட்சியில் சேர்ந்துவிடும். எந்தக் கட்சி மன்றத்தில் போய்த் தேநீர் குடிப்பது என்பதுகூட அப்பன் காலத்திலேயே முடிவாகியிருக்கும். ஸ்பீரு மட்டும் சதுக்கத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு மன்றங்களையும் தாண்டி, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு இருட்டுக் கடைக்குப் போவார். கண்ணாடி கிளாஸில் தேநீரும் பட்டாணி வைத்த பஸ்தீட்ஸிப் பலகாரமும் வாங்கி வைத்துக்கொண்டு இரு தரப்பையும் பாரபட்சமில்லாமல் திட்டுவார். கடைக்காரருக்குக் காது மந்தம். அதனால் அந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துப்போனது.

"பஸ் வருதாம் பஸ்! செல்போன்ல பொம்மை பஸ் ஓடிக்கிட்டே இருக்கு, ரோட்டுல ஒண்ணையும் காணோம். வந்தாலும் நிறுத்த மாட்டான். உள்ள பூரா டூரிஸ்ட்டுங்க பெட்டியோட நிக்கிறாங்க. நாம வெயில்ல வெந்துக்கிட்டு டிரைவருக்கு டாட்டா காட்டணும்." இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பல வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

அடுத்தது மின்சாரம். "மண்டையைப் பொளக்குற வெயில்ல கரண்டைப் புடுங்கிட்டு, மறுநாள் மந்திரி டிவியில வந்து 'பொறுமை காத்த மக்களுக்கு நன்றி'ங்கிறான். எவன்டா பொறுமையா இருந்தான்? நான் பனியனைக் கழட்டிப் போட்டுட்டு மொட்டை மாடியில நின்னு கத்திக்கிட்டில்ல இருந்தேன்!"

கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

இந்த வெறுப்புக்கு ஒரு வேர் உண்டு. ஸ்பீரு வாலிபனாக இருந்தபோது அவருடைய அப்பா ஓர் அரசியல்வாதியின் கையைக் காலைப் பிடித்து, துறைமுகக் கிடங்கில் மகனுக்குக் காவல்காரர் வேலை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கொட்டிலிலேயே கொழுத்த முயல்களாகப் பார்த்து அறுத்து, தோலுரித்து, அந்த அரசியல்வாதி வீட்டுப் பின்வாசலுக்கு எடுத்துப் போவார். முன்வாசலுக்குப் போகமாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்காரி வந்து வாங்கிக்கொள்ளும்வரை நிற்பார். அந்த ஆள் தேர்தலில் தோற்று, மூப்படைந்து, செத்தே போன பிறகும் அவன் மகனுக்கு முயல் போனது. ஸ்பீருவுக்கு அது பொறுக்கவில்லை. வேலையை உதறிவிட்டு பஸ் ஓட்டப் போனார். எவன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கு எடுத்த சபதம். எது கிடைக்க வேண்டுமோ அது உரிமையாகக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். நல்ல கொள்கைதான். ஆனால் இந்தத் தீவில் அந்தக் கொள்கையோடு வாழ்வதற்குக் கல் நெஞ்சு வேண்டும், கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து.

கூட இருந்தவள் ஜீஸா, அவருடைய மனைவி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு சக்கர நாற்காலிதான். அதற்காக அவள் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. வாரா வாரம் கோயில் கூடத்தில் நடக்கும் தொம்பலா விளையாட்டுக்கு ஸ்பீருதான் தள்ளிக்கொண்டு போவார். எண்களைக் கூப்பிடக் கூப்பிட அட்டையில் அவரைக்கொட்டைகளை வைத்து மறைத்துக்கொண்டே ஊர்ப்பேச்சு அத்தனையும் கேட்டுக்கொண்டு வருவாள். ஜெயித்தால் கூடமே அதிர 'தொம்பலா!' என்று கத்துவாள். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சத்தம் மட்டும் குறையவில்லை.

போன குளிர்காலத்தில் மின்சாரக் கேபிள் புதைக்கிறோம் என்று வந்தார்கள். நடைபாதையை வாசலோடு சேர்த்து வெட்டினார்கள், கேபிளைப் போட்டார்கள், ஒரு பலகையைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி. பலகையில் மனிதர் நடக்கலாம், நாற்காலி ஏறாது. ஜீஸா அன்றைக்கு உள்ளே போனவள்தான்.

ஸ்பீரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். அது சாலைத் துறை வேலை என்றார்கள். சாலைத் துறைக்குப் போனார். ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்தக்காரர் அந்தக் குழிக்குள் இன்னும் தண்ணீர்க் குழாய் வர வேண்டும் என்றார். தண்ணீர்க்காரர்களோ அந்தத் தெருவையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். சுற்றி மறுபடி ஊராட்சிக்கே வந்து சேர்ந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க இப்படி அலையறீங்க? மந்திரி ஆபீஸ்ல யாரையாவது தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே முடிஞ்சிடுமே."

"நீ சம்பளம் வாங்குறது எதுக்கு? நான் போய் இன்னொருத்தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கா?" என்று மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு வந்தார்.

ஜீஸா ஜன்னலோரம் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தொம்பலா அட்டைகளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

இந்த நிலைமையில்தான் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் வாக்காளர் அட்டையை போலீஸ்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். வாங்கினால்தான் ஓட்டுப் போடமுடியும். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்பது இரண்டு கட்சிக்கும் பெயர் பெயராகத் தெரிந்துவிடும். ஜீஸா தன்னுடையதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

"இது உங்களோடது," என்று போலீஸ்காரர் நீட்டினார்.

"வேணாம். கொண்டு போ."

"வாங்கி வெச்சுக்குங்க, அண்ணே. ஓட்டுப் போடலேன்னாலும் கையில இருக்கட்டும்."

"அந்தப் பலகைமேல நடந்துதானே வந்தே? கீழ என்ன இருக்குன்னு பார்த்தியா? அதுக்குள்ள போடு."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். அந்தச் சிரிப்பு ஸ்பீருவுக்கு விளங்கவில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நாட்டுக்கே முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அவருக்கு ஊர் பாஷை தெரியவில்லை. வாங்காத அட்டைக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: என்ன தருவாய்?

மறுநாளே போன் அடித்தது. "ஸ்பீரு அண்ணே, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றது ஒரு கட்சி. வைத்துவிட்டார். சாயங்காலம் இன்னொரு கட்சி. "அண்ணே, அவங்க கூப்பிட்டாங்களாமே? அவங்களால ஒண்ணும் ஆகாது. எங்ககிட்ட சொல்லுங்க." அதையும் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். "ஆள் விவரமானவர்தான்யா, கடைசி நேரம் வரைக்கும் இழுக்கிறார் பாரு," என்று ஒருவன் அவர் காதுபடவே சொன்னான்.

அட்டை வாங்கக் கடைசி நாளுக்கு முதல் நாள் கிளைவ் வந்தான். அமைச்சரின் ஆள் என்று ஊருக்கே தெரியும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வாசனைத் தைலம், இரண்டு போன். பலகைமேல் ஷூவைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, சுத்தி வளைக்க வேணாம். என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம்."

"மகனுக்கு வேலை?"

"மகனே இல்ல."

"மாடியில ஏதாவது ரூம் கட்டணுமா? அனுமதிச் சிக்கலா?"

"காது கேட்கலையா உனக்கு? எனக்கு ஒண்ணும் வேணாம்னேன்!"

கிளைவுக்குக் கோபமே வரவில்லை. கோபப்படாமல் இருப்பதுதான் அவன் உத்தியோகம். கீழே குனிந்து குழியைப் பார்த்தான். "இது வேணும்னா மூடிக் கொடுத்துரலாமே?"

"அது உங்க கடமைடா! வெட்டினவன் மூடணும். அதை நான் உன்கிட்ட கையேந்தி வாங்கணுமா? எங்கப்பன் முயலைத் தூக்கிட்டு நின்ன மாதிரி நானும் நிக்கணுமா? போடா வெளியே!"

"மூடிக் கொடுப்பா."

உள்ளேயிருந்து வந்த குரல். ஜீஸா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு நடைக்கு வந்திருந்தாள். நல்ல கை ஒன்றுதான் என்பதால் நாற்காலி கோணலாக வந்து சுவரில் இடித்து நின்றது.

"ஜீஸா, நீ உள்ள போ. இது கொள்கை."

"கொள்கையா? உன் கொள்கைக்குக் கால் இருக்கு, ஸ்பீரு. காலையில எழுந்து டீக்கடைக்குப் போயி கத்திட்டு வருது. எனக்கு இல்ல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீ கடமைங்கிற, அவன் உதவிங்கிறான். என்ன எழவா வேணா இருக்கட்டும். எனக்கு வெளியே போகணும். இந்த ஜன்னல்ல உட்கார்ந்து உட்கார்ந்து நான் செத்துப்போனா, பெட்டியை மட்டும் அந்தப் பலகை வழியா எப்படித் தூக்குவே?"

இத்தனை நாளும் அவளுக்காகத்தான் சண்டை போடுவதாக ஸ்பீரு நம்பிக்கொண்டிருந்தார். தனக்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த நடையில் நின்றபோது உறைத்தது. வெட்கமாக இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது.

ஜீஸா கிளைவைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில மூடிடு. இவரு அட்டை வாங்குவாரு. நான் சொல்றேன்."

"அம்மா சொன்னா சரி," என்று கிளைவ் ஒரு போனை எடுத்துக் காட்டி, தன் நம்பரை இரண்டு தடவை சொல்லிவிட்டு, "எப்ப வேணா கூப்பிடுங்கண்ணே, நம்ம வீடு மாதிரி," என்றான்.

காலையில் வண்டி வந்தது. எத்தனையோ மாதம் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்த அத்தனை துறையும் எங்கே போயினவோ, நான்கு பேர் வந்து வெயில் ஏறுவதற்குள் குழியை மூடி, கான்கிரீட் போட்டு, வாசலில் அழகாக ஒரு சரிவும் வைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் மிகச் சுத்தமாகச் செய்தார்கள். கான்கிரீட் ஸ்பீரு வீட்டுச் சுவரின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, அதே சுவரின் மறு ஓரத்தில் முடிந்தது. அந்தப் பக்கம் சதுக்கத்துக்குப் போகும் வழி, அங்கே குழி இல்லை. இந்தப் பக்கம் தெருமுனை வரைக்கும் குழி அப்படியே கிடந்தது.

ஸ்பீரு போலீஸ் நிலையத்துக்குப் போய் அட்டையை வாங்கினார். தேர்தலன்று ஜீஸாவைத் தள்ளிக்கொண்டு போனார். தடுப்புக்குள் போய், ஓட்டுச்சீட்டில் இரண்டு கட்சிக்காரர்கள் பெயருக்கும் குறுக்கே பஸ் டிரைவர்கள் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வசவை எழுதி மடித்துப் போட்டார். வெளியே வரும்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் போட்டதை யார் பார்த்தார்கள்? வாசல் சரிவைத்தான் ஊரே பார்த்தது. கிளைவின் கட்சி ஜெயித்து, கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது, ஒரு காரிலிருந்து அவனே தலையை நீட்டி, "நம்ம ஸ்பீரு அண்ணன்!" என்று கையசைத்தான். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஜீஸா தொம்பலாவுக்குப் போக ஆரம்பித்தாள். முகத்தில் நிறம் வந்தது. ஸ்பீரு டீக்கடைக்குப் போவார், ஆனால் பஸ்ஸோடு நிறுத்திக்கொள்வார். குழி, நடைபாதை என்று வாயெடுத்தால் எவனாவது தொண்டையைச் செருமுவான்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒருநாள் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு மரூஷ்கா. இரட்டைப் பிள்ளை பெற்றவள். தள்ளுவண்டியைத் தெருவில் இறக்க முடியாமல் இடுப்புக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு திரிகிறவள். கையில் ஒரு பை. ஸ்பீரு உள்ளே பார்த்தார். தோலுரித்து, பூண்டுக்கும் வைனுக்கும் தயாராகச் சுத்தம் செய்த முயல்கள்.

"எதுக்கும்மா இது?"

"மாமா, உங்களுக்கு ஆள் தெரியும். எங்க வாசலுக்கும் ஒரு வார்த்தை..."

"எனக்கு எவனையும் தெரியாது! அது உன் உரிமை, போய்ச் சண்டை போடு. இதை எடுத்துக்கிட்டுப் போ முதல்ல!" அவர் போட்ட சத்தத்தில் அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் வீட்டு வாசல் பலகைமேல் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். பை பெரிதாகியிருந்தது. முயல்களோடு ஒரு பாட்டில் வைன், அவள் அம்மா செய்த தேன் வளையப் பலகாரம். பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு, தலையை வாரி, கோயிலுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். கண்ணைப் பார்க்காமல் பையை நீட்டினாள்.

"நேத்து நான் யோசிக்காம வந்துட்டேன், மாமா. இப்பவும் பத்தலையா?"

ஸ்பீருவின் கை தானாகவே தலைக்குப் போய், அங்கே இல்லாத தொப்பியைத் தேடியது. யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. அப்பாவின் இடமா, அந்தப் பின்வாசலுக்கு உள்ளே இருந்தவனின் இடமா?

"யாரு வாசல்ல?" என்று ஜீஸா உள்ளேயிருந்து கேட்டாள்.

அவர் பையைத் தொடவில்லை. மரூஷ்காவைப் பார்க்காமல் அவள் வீட்டு வாசல் குழியைப் பார்த்துக்கொண்டே கிளைவின் நம்பரைச் சொன்னார். எங்கும் எழுதிவைக்காத நம்பர், ஒரு இலக்கம் பிசகாமல் வந்தது. அவள் அவசரமாகப் போனில் போட்டுக்கொண்டாள்.

"உங்க பேரைச் சொல்லலாமா, மாமா?"

"சொல்லு," என்றார் ஸ்பீரு.