சத்தம் போடாத கேமரா

படம் பிடிக்கிற கடைக்கு வருகிறவர்கள் படத்தில் முகம் சரியாக விழுந்ததா என்று கேட்பதில்லை, சத்தம் வந்ததா என்றுதான் கேட்கிறார்கள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு கடை பார்க்கும் சகோதரிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கடை ஹட்டன் கடைவீதியில். சிவனொளிபாத மலை சீசனுக்கு எங்கள் வீட்டுக்காரர் பெரிய பெட்டிக் கேமராவோடு மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்விட்டார். அதை அமுக்கினால் கதவை அறைந்த மாதிரி சத்தம். எனக்கு விட்டுப்போனது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய சின்னக் கேமரா. கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் இரண்டாகத் தெரிகிற ஆளைத் திருகித் திருகி ஒன்றாக்கி அமுக்கினால், 'ச்சிக்'. அவ்வளவுதான். பக்கத்துத் தூளியில் என் மகன் அசையாமல் தூங்குவான். அதனால்தான் என்னால் இந்த வேலையே பார்க்க முடிகிறது. அவரோ புறப்படும்போது, "ஆளுங்க இதை நம்பலன்னா வித்துட்டு இன்னொரு பெரிய பொட்டி வாங்கிருவோம்" என்றார்.

கங்காணியின் மூச்சு

தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு தோட்டத்துக் கங்காணி வந்து உட்கார்ந்து மூச்சை அடக்கினார். படத்தை எடுத்துவிட்டேன். அவர் மூச்சை விடவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. பயந்துபோய், "எடுத்தாச்சுங்க ஐயா, மூச்சு விடுங்க" என்றேன்.

விட்டார். கூடவே கோபத்தையும் விட்டார். "சத்தமே வரல, என்னத்தத் தாயி எடுத்த? உன் வீட்டுக்காரர் வரட்டும், அப்ப வாரேன்."

துணி ஆராய்ச்சி

பக்கத்துப் புடவைக்கடை முதலாளி விசாரிக்க வந்தார். உள்ளே அடித்து மூடுகிற தகடு இல்லை, கறுப்புத் துணித்திரை ஒன்று பிலிமுக்கு முன்னால் ஓடுகிறது, அதனால்தான் சத்தம் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். என் பொறுமைக்குக் கிடைத்த பலன், கடைவீதி முழுக்க அவர் சொல்லிக்கொண்டு போனது: "துணின்னா சாயம் போகும். அந்தக் கடையில புடிச்ச படமும் போயிரும்."

தட்டு

புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். எடுத்து முடித்தும் எழுந்திருக்க மறுத்தார்கள். வந்த ஆத்திரத்தில் தகரத் தட்டை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்தேன். தூளியில் என் மகன் வீறிட்டான். நான் ஓடினேன். பெண் புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "இப்பதான்க்கா படம் புடிச்ச மாதிரி இருக்கு."

லிந்துலைக்காரி

மழை நாளில், லிந்துலைத் தோட்டத்திலிருந்து ஒருத்தி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்தாள். போன மாதம் பெரிய பெட்டியின் சத்தத்தில் அந்தப் பிள்ளை அலறி, படத்தில் வாய் மட்டும்தான் விழுந்திருந்தது. வரும் வழியிலேயே அது தூங்கிப்போயிருந்தது. "எழுப்ப வேண்டாம், அப்படியே மடியில வச்சிருங்க" என்று வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்தேன். பிள்ளையின் இமைகூட அசையவில்லை. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழிக்கலயேக்கா" என்றாள் மெதுவாக. "எங்க லயத்து வீடுகள்ல இருக்கிற கைப்பிள்ளக்காரிக எல்லாருக்கிட்டயும் சொல்றேன்."

சொல்லியும்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய்மாரும் பிள்ளைகளும் கடை கொள்ளாமல் நின்றபோது வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், சின்னக் கேமராவை எடுத்துத் துடைத்தார். "இதை விக்கவே கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல."

கேமரா தப்பித்தது, வேலையும் தப்பித்தது. சத்தமில்லாத படத்துக்காக வந்த பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் என் மகனின் தூக்கம் மட்டும்தான் தப்பவில்லை.