மூலைக்கு ஒரு பொட்டு

சந்தனம் குழைக்கும் வாசனையும் சட்னிக்குக் கடுகு தாளிக்கும் வாசனையும் சேர்ந்து வந்தால் போதும்… ஒன்பதாம் வகுப்பில் நான் பார்த்த ஒரு திங்கட்கிழமை காலை அப்படியே கண்முன் வந்துவிடும்.

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் ரோடு பிரியும் இடத்தில் அம்மாவின் தள்ளுவண்டி டிபன் கடை. தினமும் காலை ஆறு மணிக்கு மானாம்பதி பக்கமிருந்து ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கும். இருபத்திரண்டு பேர் இறங்குவார்கள். அந்த பஸ்தான் எங்களுக்குப் பாதி வியாபாரம்.

எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கேட்பார்கள். அப்புறம் சில்லறை தேடும் படலம். பத்து நிமிட நிறுத்தம் இருபது நிமிடம் ஆகிவிடும்.

ஒருநாள் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் சொல்லியேவிட்டார்.

“யக்கா, லேட்டானா சூப்பர்வைசர் எங்கிட்டதான் கத்துறாரு. திங்கக்கிழம பாப்பேன். பத்து நிமிசத்துக்கு மேல ஆச்சுன்னா பெட்ரோல் பங்க்கு பக்கத்துல கீற ஓட்டல்ல நிறுத்திக்குவேன். அங்க ஸ்கேன் பண்ணாலே டிபன் வந்துடுது.”

அன்று மாவு கரைக்கும்போது அம்மா இரண்டு முறை உப்புப் போட்டார்.

பள்ளியில் அப்போதுதான் கூகுள் ஃபார்ம் செய்யக் கற்றிருந்தேன். இட்லி, பூரி, பொங்கல், வடை… எது வேண்டும், எத்தனை வேண்டும் என்று ஒரு படிவம் செய்தேன். ஒரு தாளில் மேலே ஆர்டருக்கு ஒரு க்யூஆர் கோடு, கீழே பணம் கட்ட இன்னொன்று. பஸ்ஸில் வரும்போதே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டால், பஸ் வந்து நிற்பதற்குள் பார்சல் தயாராகிவிடும். முதல் பிரிண்ட் கோணலாக வந்தது. அதை மடித்து லைப்ரரி புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். நன்றாக வந்த பன்னிரண்டு தாள்களை அம்மாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் டியூஷன் போயிருந்தபோது ஏகாம்பரம் அண்ணன் வந்து வாங்கிப்போய், சீட்டுகளின் முதுகில் ஒட்டிவிட்டார்.

திங்கட்கிழமை ஐந்தரை மணி. அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

“இன்னாடி, ஒண்ணுமே வர்ல?”

“வரும்மா… சிக்னல் இல்லையோ என்னவோ.”

ஐந்து ஐம்பது. இன்னும் ஒன்றும் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினேன். அம்மா ஒரு நிமிடம் ரோட்டைப் பார்த்தார். பிறகு வாழையிலையை எடுத்துப் போட்டு, கடகடவென்று கட்ட ஆரம்பித்தார்.

“யாரும் கேக்காம கட்டுறியேம்மா… வாங்கலைன்னா?”

“மூணு வருசமா போட்டுகினு கீறேன், எனக்குத் தெரியாதா? செல்விக்கு ரெண்டு பூரி, கெழங்கு தனியா. செவப்பு பேக் பொண்ணுக்கு வெறும் இட்லி, சட்னி காரம் ஆவாது. அந்தக் கண்ணாடி போட்ட தம்பிக்குப் பொங்கல், மொளகு பொறுக்கிப் போட்டுட்டுதான் துன்னும். நீ பேரை மட்டும் எழுதுடி.”

அம்மா சொல்லச் சொல்ல நான் இலைமேல் சுற்றிய பேப்பரில் எழுதினேன். இருபத்திரண்டாவது பொட்டலம் கட்டும்போது பஸ் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் செல்வி அக்கா. கையில் சீட்டிலிருந்து கிழித்த தாள்.

“இன்னாமே இது? வழியெல்லாம் காட்டிப் பாத்துட்டோம், ஸ்கேனே ஆவல!”

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு க்யூஆர் கோடிலும் மூன்று மூலைகளில் இருக்குமே, அந்தக் கட்டங்கள்… ஒவ்வொன்றின்மேலும் கச்சிதமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“அம்மா!”

“புதுசாச்சே, பொட்டு வெக்காம குடுத்தனுப்புவாங்களா? அதுவே மூணு மூலைலயும் கட்டங்கட்டி வுட்டுகீது. பொட்டு வெக்கத்தான்னு நெனச்சேன்.”

பஸ்ஸே சிரித்தது. கோடின் அந்தக் கட்டங்கள் தெரிந்தால்தான் போன் அதை அடையாளம் காணும் என்று யார் அம்மாவுக்குச் சொன்னது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். துடைத்துப் பார்த்தேன், மஞ்சள் இன்னும் பரவியது.

“நாலு நிமிசம் ஆச்சு,” என்றார் டிரைவர் அண்ணன்.

அப்போதுதான் அந்தக் கோணல் தாள் ஞாபகம் வந்தது. பள்ளிப் பையிலிருந்து லைப்ரரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினேன். செல்வி அக்கா பேர் பார்த்துப் பார்த்துப் பொட்டலம் கொடுக்க, நான் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி ஒவ்வொரு சீட்டாகப் போனேன். எல்லாரும் அதில் கீழே இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் போட்டார்கள். ஒருவருக்குக்கூடப் பொட்டலம் மாறவில்லை. கண்ணாடி போட்ட அண்ணன் மட்டும், “நான் இன்னைக்குப் பூரி சாப்பிடலாம்னு இருந்தேன்” என்றார். சொல்லிக்கொண்டே பொங்கலில் மிளகு பொறுக்கினார்.

“எட்டு நிமிசம்!” ஏகாம்பரம் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டினார். “யக்கா, நாளிக்கும் இங்கதான். அந்தக் கட்டத்துல நானும் ஒரு பொங்கல் போட்டு வுடுறேன்.”

இப்போது நான் பிளஸ் டூ. மூன்று கம்பெனி பஸ்கள் எங்கள் கடையில் நிற்கின்றன. யாரும் இறங்குவதே இல்லை, ஜன்னல் வழியாகப் பொட்டலம் போய்விடும். முன்புபோல முகம் பார்த்துப் பேச நேரமில்லையே என்று அம்மாவுக்குக் கொஞ்சம் குறைதான். ஆனாலும் போனில் வரும் ஆர்டரை நான் படித்தால் போதும்…

“செல்வி இட்லி கேட்டுகீறாளா? பல்லு வலி இன்னும் போவல போல. சட்னி தண்ணியா ஊத்து.”

பூக்கடை, சைக்கிள் கடை, இளநீர் வண்டி… எங்கள் ரோட்டில் பாதிக் கடைகளுக்கு நான்தான் தாள் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் க்யூஆர் கோடுக்கு வெளியே, ஓரத்தில், மூன்று வட்டங்கள் வரைந்திருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சந்தனமும் குங்குமமும் சரியாக உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் ஒரு வெளியூர்க்காரர் ஸ்கேன் செய்துவிட்டு, அந்த வட்டங்கள் எதற்கு என்று அம்மாவிடம் கேட்டார்.

“அது எங்க ஊரு கோடுங்க,” என்றார் அம்மா. “எம் பொண்ணு போட்டது.”