எட்டாம் அறையின் நாற்காலி

எங்கள் நிறுவனத்துக்கு இன்று இருபத்தொரு கட்டடங்கள். ஒரு ராத்திரி தலை சாய்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குகிறவர்களுக்குத்தான். அறைக்குள்ளேயே அடுப்பு, நாலு பாத்திரம், துணி காயப்போட ஒரு கொடி. இது எப்படி வளர்ந்தது என்று கேட்டால் முதலாளி படம் போட்டு விளக்குவார். என்னைக் கேட்டால் அக்காவைக் காட்டுவேன்.

முதல் கட்டடத்தில் துப்புரவு வேலைக்கெல்லாம் பொறுப்பு அக்காதான். பதினேழு வருடங்களுக்கு முன் அவர் சேர்ந்தபோது அது பன்னிரண்டு அறைகள் கொண்ட பழைய லாட்ஜ். காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலம் கட்ட வந்த ஒரு இன்ஜினியர், ஒரு வாரம் என்று வந்து ஏழு மாதம் தங்கினார். கிளம்பும்போது முதலாளியிடம் ஒன்று சொன்னார்.

"எந்த ஓட்டலுக்குப் போனாலும் காலையில வெச்ச பொருளை சாயங்காலம் தேடணும் சார். இங்க ஒரு நாள்கூடத் தேடல."

அவர் அனுப்பிய ஆட்களே ஆறு அறைகளை நிரப்பினார்கள். முதலாளிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அறைக்கு அறை அடுப்பு வந்தது. அடுத்த வருடம் எதிர்க் கட்டடம், பிறகு ஆஸ்பத்திரி பக்கம் ஒன்று, தொழிற்சாலைப் பக்கம் இரண்டு. அகலக்கால் வைக்கிறார் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். வைத்த கால் எதுவும் வழுக்கவில்லை.

அந்த இன்ஜினியர் சொன்னது அக்காவின் வேலையைத்தான். அறைக்குள் நுழைந்ததும் அவர் துடைப்பத்தைத் தொட மாட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்று பார்ப்பார். மாத்திரை அட்டை எங்கே, செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, நாற்காலி ஏன் இங்கே வந்தது. எல்லாம் மனதில் ஏறிய பிறகுதான் கை அசையும். வேலை முடிந்ததும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், தூசி மட்டும் இருக்காது. கசங்கிய துண்டுச் சீட்டைக்கூடக் கேட்காமல் எறிய மாட்டார்.

"அவங்க இங்க தங்கல தம்பி, குடியிருக்காங்க" என்பார்.

அவர் கணவர் எங்கள் சலவை வண்டியை ஓட்டுகிறவர். "இதெல்லாம் ஊருக்குத்தான். வீட்டுல என் கண்ணாடிய நேத்துலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நெத்தியில ஏத்தி விட்டிருக்கீங்களே, அதையா?" என்பார்.

பத்தொன்பதாவது கட்டடம் திறந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சட்டம் வந்தது. எந்த ஊர்க் கட்டடமானாலும் அறை ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு மாதிரிப் படம். வாரம் ஒரு முறை சுத்தம் செய்யும்போது கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் படத்தில் உள்ளபடி திரும்ப வேண்டும். சரிபார்க்க ஓர் ஆய்வாளர். அது நான். எனக்கு முன்கோபம் அதிகம். படபடவென்று பொரிவதால் முதுகுக்குப் பின்னால் என்னைக் கடுகு என்பார்கள். அப்படிப்பட்டவன் கையில் ஒரு டேப்லெட்டையும் கொடுத்தால் கேட்க வேண்டுமா?

அக்காவிடம் மட்டும் என் பொரியல் எடுபடவில்லை. முதல் இரண்டு ஆய்விலும் அவர் பொறுப்பில் இருந்த அறைகள் தேறவில்லை. மூன்றாவதிலும் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குக் கடிதமே வந்துவிட்டது.

"ஒரு நாளைக்காவது படத்துல இருக்கிற மாதிரி வைங்கக்கா. உங்க கால்ல விழறேன்."

"வெச்சிடலாம். அப்புறம் இருக்கிறவங்க எங்க போறது?"

மூன்றாவது ஆய்வுக்கு விழுந்தது எட்டாம் அறை. அதற்குள் நான் தனியாகப் போனேன். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆன ஒரு டீச்சரும் அவர் கணவரும் பத்து வாரமாக அங்கே இருந்தார்கள். அன்று பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே, வந்த உடன் பிடித்துக்கொள்ள வாகாக ஒரு நாற்காலி. படத்துக்கும் அறைக்கும் சம்பந்தமே இல்லை.

அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் செய்தேன். கட்டிலை நடுவுக்கு இழுத்தேன், நாற்காலியை ஜன்னலோரம் தள்ளினேன், படம் எடுத்தேன், 'தேறியது' என்று போட்டேன். திருப்பி வைக்கக் குனிகிறேன், போன் அடித்தது. எதிர்க் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து மாடியெல்லாம் வெள்ளம். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் வரவேற்பறையில் டீச்சரின் கணவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவசரமாகக் குளியலறைக்குப் போன டீச்சர், வெளியே வரும்போது பழக்கத்தில் கையை நீட்டியிருக்கிறார். நாற்காலி இல்லை. விழுந்துவிட்டார். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "என் தப்புதான் சார். கூட்டும்போது நகத்தினேன், திருப்பி வைக்க மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவரைத் துணி அடுக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்க்கா இப்படிச் சொன்னீங்க?"

"நீ மேல போனதையும் பாத்தேன், ஓடினதையும் பாத்தேன். நீ எதுக்குச் செஞ்சேங்கறதும் தெரியும். எனக்கு இந்த வேலை போனா இன்னொரு இடத்துல கூட்டுவேன். உனக்குக் கூட்டத் தெரியுமா?"

அன்று சாயங்காலம் நான் முதலாளிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்தம்மா இப்பதான் போன் பண்ணி நான்தான் நகத்தினேன்னாங்க. நீயும் நான்தாங்கற. நான் யாரை நம்புறது?"

"என்னை நம்புங்க சார். பதினேழு வருஷத்துல அவங்க ஒரு நாற்காலியக்கூட தப்பா வெச்சதில்ல."

மறுநாளே முதலாளி நேரில் வந்தார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். டீச்சர் திட்டினார், பிறகு உட்காரச் சொன்னார். அந்த வாரமே அக்காவுக்கு வந்த கடிதம் ரத்தானது, மாதிரிப் படமும் போனது. இப்போது எல்லாக் கட்டடங்களிலும், தங்க வந்தவர் மூன்றாம் நாள் அறையை எப்படி மாற்றி வைத்திருக்கிறாரோ அதைத்தான் படம் எடுக்கிறோம். சுத்தம் செய்தபின் அறை அதுபோலத் திரும்ப வேண்டும். ஆய்வாளர் பதவியும் என்னை விட்டுப் போனது. முதல் கட்டடத்து வரவேற்பு மேசைக்கே திரும்பிவிட்டேன். வேலை மிஞ்சியதே பெரிய விஷயம்.

முதலாளி நேரில் வந்துபோன அன்றைக்கே, நன்றி சொல்லத்தான் துணி அடுக்கும் அறையில் இருந்த அக்காவிடம் போனேன். எனக்கு அக்கா என்று கூடப் பிறந்தவர் யாருமில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. கைக்கு அகப்பட்ட தலையணை உறையை எடுத்து முகத்துக்குக் கொண்டு போனேன். அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, அழுக்குக் கூடையிலிருந்து வேறொன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"இதுல துடைச்சுக்கோ. அது துவைச்சது."