ரிப்கா தெரிந்தெடுத்த டொபி

மடவளை ரிப்கா நான்கே மாதத்தில் குவைத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வேலை செய்த வீட்டின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. சமைக்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது என்றானதும் வீட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தார்கள். கழுத்திலிருந்து தொங்கிய மாவுக்கட்டுக் கையும், பாதி காலியான ஒரு துணிப்பையும்தான் அவளோடு வந்தன.

விமான நிலையத்தில் அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேர் எதிரே ஓர் இனிப்புக் கடை. தங்கத் தாள் சுற்றிய சொக்லட், பாதாம் வைத்த பேரீச்சம்பழம், ஒட்டகப் படம் போட்ட டின்கள். முந்தின நாள் மகன் போனில் கேட்டிருந்தான்: "உம்மா, என்ன கொண்டு வாறீங்க?" ரிப்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனம் கேட்காமல் எழுந்துபோய், ஒரு டின்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்ப வைத்தாள்.

"தங்கச்சி, ஒங்களுக்கு எந்த ஊரு?"

கூடையோடு பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சுகிர்தா அவர். ஒன்பது வருடம் குவைத்தில் ஒரே வீட்டில் சமைத்துவிட்டு, இனிப் போவதில்லை என்று ஊர் திரும்புகிறவர். தன் ஊரைப் போலவே கண்டிப் பக்கத்து மடவளை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கை எப்படி உடைந்தது, பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரித்தார்.

"ரெண்டு பேர். மகனுக்கு ஆறு வயசு, மகளுக்கு ஒம்பது."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்லயும் அதே வயசுல ரெண்டு இருக்குதுங்க. பெரியவங்களுக்கே சமைச்சுச் சமைச்சு, சின்னப் புள்ளைங்களுக்கு என்ன புடிக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க."

ரிப்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போனாள். "கடிக்கிற டொபி வேணாம் தாத்தா, ஆறு வயசுல பல்லு ஆடும். இந்தா, இது வாயில கரையும். பொம்புளப் புள்ளைக்கு இந்த டின். திண்டு முடிஞ்சா பென்சில் போட்டுக்கலாம்."

மடவளையில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பக்கம் தாத்தான்னா நரைச்ச மீசை இருக்கணும்!"

ரிப்கா தெரிந்தெடுத்த எல்லாவற்றையும் அவர் வாங்கினார். "என் பை கனம் கூடிருச்சு. இத ஒங்க பையில வச்சுக் கொண்டாங்க, கண்டியில வாங்கிக்கிறேன்" என்றார்.

விமானத்தில் ரிப்காவின் சாப்பாட்டு மூடியைத் திறந்து, இறைச்சியைத் துண்டாக்கிக் கொடுத்ததும் அவர்தான். தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. கணவர் ராஜலிங்கம் இறந்துபோன பிறகு குடும்பம் தன் தலையில் விழுந்தது என்று மட்டும் சொன்னார். மற்றதெல்லாம் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண் வாயிலாகத்தான் தெரிந்தது. சுகிர்தா சமையலறையில் நின்றபடியே அரபு கற்றுக்கொண்டவராம். லீவு நாளில் நம்மூர்ப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவர்களுக்காகப் பேசுவாராம். "இந்த அக்கா இல்லாட்டி எனக்கு என்ன வருத்தம்னே டாக்டருக்கு வெளங்கியிருக்காது" என்றாள் அந்தப் பெண்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ரிப்காவின் தம்பி ஹில்மி வேனோடு நின்றான். சுகிர்தாவையும் கண்டி வரை ஏற்றிக்கொண்டார்கள். தெல்தோட்டை பஸ் நிற்குமிடத்தில் அவர் இறங்கியதும், ரிப்கா இடது கையால் இனிப்புப் பொதியை நீட்டினாள்.

"தாத்தா, ஒங்கட புள்ளைகள்ட சாமான்."

"எனக்கு ஒரே மக தான். இருபத்திரெண்டு வயசு, டீச்சருக்குப் படிக்கிறா."

"அப்ப அந்த ரெண்டு புள்ளைகள்?"

"மடவளையில இருக்காங்களே."

ரிப்கா கையிலிருந்த பொதியைப் பார்த்தாள். "பொய்யா சொன்னீங்க?"

"சும்மா குடுத்தா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும். ரிப்கா வாயைத் திறப்பதற்குள் சுகிர்தா பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வீட்டில் மகன் டொபியை வாய்க்குள் அதக்கிக்கொண்டு, "இதெல்லாம் நீங்களா பாத்து எடுத்தீங்க?" என்று கேட்டான். "ஓ மகன், நான்தான்" என்றாள் ரிப்கா. அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மாவுக்கட்டை அவிழ்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டி எடுத்துக்கொண்டு அவள் தெல்தோட்டையில் சுகிர்தாவின் வீட்டை விசாரித்துப் போனாள். மகள் சிந்துஜாதான் வீட்டில் இருந்தாள். "அம்மா புள்ளை மடுவத்துல இருக்காங்க" என்று கூட்டிப்போனாள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்தில், வெளிநாடு போகப் பெயர் கொடுத்த பதினொரு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா அவர்களுக்கு அரபு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சமையல் சாமான்களின் பெயரை அவர் முதல் பாடமாக வைக்கவில்லை. 'எனக்கு உடம்பு முடியவில்லை, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்' என்பதைத்தான் எல்லோரையும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார்.

ரிப்காவைக் கண்டதும், "வாங்க தங்கச்சி, சரியான நேரத்துக்கு வந்தீங்க. நீங்க விழுந்தன்னைக்கு அரபு தெரியாம என்ன பாடு பட்டீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

ரிப்கா தொதல் பெட்டியைச் சிந்துஜாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்களுக்கு முன்னால் போய் நின்றாள்.