சாக்கடைச் சுவருக்கு ஒரு ஜன்னல்

அந்தப் பதினான்கு மனுக்களும் ஒரே நாளில் என் மேஜைக்கு வந்தன. எல்லாம் வீடு கட்டுவதற்குப் பஞ்சாயத்து போர்டின் அனுமதி கேட்டு வந்தவை. ஒவ்வொன்றோடும் ஒரு வரைபடம் இருந்தது. ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றப் பதின்மூன்றையும் பார்த்த மாதிரிதான். எங்கள் ஊர் மனு எழுதுகிறவருக்கு ஒரே ஒரு வீடுதான் வரையத் தெரியும். அதையே எல்லோருக்கும் வரைந்து கொடுப்பார். அந்த வீட்டின் கிழக்கு மூலையில் தவறாமல் ஒரு மாட்டுக்கொட்டில் இருக்கும். தறிக்காரத் தெருவில் ஒரு வீட்டிலும் மாடு கிடையாது. நான் போர்டு ஆபீஸ் குமாஸ்தா. எதையும் சட்டப்படி செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாட்டுக்கொட்டில் உட்பட எல்லாவற்றையும் சரிபார்த்து, நம்பர் போட்டு, கட்டாகக் கட்டி ஓவர்சீயரின் முன்னால் வைத்தேன். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. "அந்த வரிசையில பதினஞ்சு வீடுல்ல இருக்கு? இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. இராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஓவர்சீயர் சேலம் டவுன்காரர், கிறிஸ்தவர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போய், ஞாயிறு பூசை கண்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. குணத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கொத்தனாரோடு சண்டை, கல் உடைக்கிறவரோடு சண்டை, சில சமயம் கல்லோடேயே சண்டை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சட்டப் புத்தகம், இங்கே வாரும்" என்பார். எனக்கு அது உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

மனுக்கள் மொத்தமாக வந்ததற்குக் காரணம் முந்தின ஐப்பசி மழை. அந்தத் தெருவில் தண்ணீர் வடிய வழியே கிடையாது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சித் தண்ணீர், சாயத் தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் வாசலில் தேங்கித் தெருக்கோடிப் பொதுக்கிணற்றில் ஊறி இறங்கும். ஐப்பசியில் மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. மண்சுவர்கள் ஊறிச் சரிந்தன. மழை ஓய்ந்ததும் வாந்திபேதி வந்தது. அந்த ஒரு தெருவில் மட்டும் நாலு குழந்தைகள் போய்விட்டன. கணக்கெடுக்க நானும் ஓவர்சீயரும்தான் வீடு வீடாகப் போனோம். திரும்பி வந்தபின் இரண்டு நாள் அவர் யாரோடும் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அந்த வரிசையின் முன்னால் கல் பாவிய வடிகால் ஒன்று. கிணற்றைத் தாண்டிக் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடலாம். அடுத்த ஐப்பசிக்குள் முடித்தாகவேண்டும். இடத்துக்குத்தான் வழியில்லை. தெருவில் ஒரு சாண்கூட எடுக்க முடியாது. காலை வேளையில் தெரு நீளத்துக்கும் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். மீதி இடத்தில் ஒரு மாட்டு வண்டி போவதே பெரும்பாடு. ஆகவே விழுந்த சுவரைத் திரும்ப எழுப்பும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஓரடி உள்ளே தள்ளிக் கட்டவேண்டும், சம்மதித்தால்தான் அனுமதி என்று போர்டில் தீர்மானம் ஆயிற்று.

ஜனங்கள் வடிகாலை வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்கள் பயந்தது மனையடி சாஸ்திரத்துக்கு. முன்னறை உள்கூடு எட்டடி நல்லது, பத்து நல்லது, பதினொன்று நல்லது. ஏழும் ஆகாது, ஒன்பதும் ஆகாது. பதினோரடி வீட்டுக்காரர்கள் உடனே கைநாட்டு வைத்தார்கள், போனால் பத்து. பத்தடி வீட்டுக்காரர்களோ ஓரடி கொடுக்கவே மாட்டோம், வேண்டுமானால் இரண்டடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுக்கிற ஜனங்களை எந்த ஊர் போர்டு பார்த்திருக்கும்? ஓவர்சீயர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை, சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையொன்றில் வாங்கிய மனையடி சாஸ்திரப் புத்தகத்தோடு வந்து இறங்கினார். பூசைக்குப் போன கையோடு வாங்கியிருக்கிறார். ஒரு வாரத்தில் கொத்தனாரையே திருத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார். பதினான்கு வீடும் முடிந்தது.

மீந்தது மனுப் போடாத பதினைந்தாவது வீடு. வரிசைக்கு நட்டநடுவில் இருந்த அதன் சுவர் மட்டும் மழையில் விழவில்லை. விழாத சுவருக்கு அனுமதி எதற்கு? அந்த உள்கூடு எட்டடி. ஓரடி போனால் ஏழு. இரண்டு போனால் ஆறு. ஆறடியில் தறி அடங்காது. வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கிவிட்டால் உலகம் தெரியாதவர், பேச்சும் குறைவு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது அவருடைய மனைவி, அந்த அம்மாதான்.

"ஏனுங்க சாமி, ஏழடி ஊட்டுல குடியிருந்து ஆரு பொழைச்சாங்க? எட்டடிக்குக் கட்டப்போயித்தான் எங்க செவுரு நின்னுது."

ஓவர்சீயர் கிணற்றைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. நடுவில் நிற்கிற ஒரு வீட்டால் பதினான்கு வீட்டுத் தண்ணீரும் தேங்கும், திரும்பவும் குழந்தைகள் சாகும் என்றார். சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார்:

"போன வருசம் நூல் மூட்டை வெக்கறதுக்குன்னு இவரு குறுக்கால ஒரு தட்டி கட்டுனாருங்க. உள்கூடு ஏழாப் போச்சு. ஐப்பசியில மூத்தவளக் குடுத்துட்டேன். அன்னிக்கே தட்டியப் பிச்சு எறிஞ்சு எட்டாக்குனேன். சின்னவ பொழைச்சுக்கிட்டா. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதானுங்க."

நாங்கள் கணக்கெடுத்த நாலு குழந்தைகளில் ஒன்று அவருடையது. எனக்கு அது அந்த நிமிஷம்வரை நினைவில் இல்லை. எழுதியவனே நான்தான். வெட்கமாக இருந்தது. தெருவில் இறங்கி நடக்கும்போது ஓவர்சீயர், "நானும் அந்தப் புள்ளைக்காகத்தானய்யா கேக்கறேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. பிறகு, சொந்த மனையில் நிற்கிற சுவரை இடிக்கச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முதல்தடவையாக, சட்டத்தில் வழி இல்லையே என்று நானும் வருந்தினேன்.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. வடிகால் இரண்டு பக்கமிருந்தும் வந்து அந்த வீட்டுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்றது. ஓவர்சீயர் தினம் ஒருதடவை அங்கே போய் நின்றுவிட்டு வருவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஐந்து வயதுச் சின்னவள் ஜன்னல் மாடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். ஓவர்சீயர் அவளையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் கையைவிட்டுச் சுவரின் கனத்தை அளந்தார். இருபத்தோரு அங்குலம்.

"அம்மா, உங்க சாஸ்திரத்துல செவுத்தையும் சேத்து அளப்பாங்களா?"

"செவுரு என்னத்துக்குங்க? உள்கூடு மட்டுந்தான்."

செங்கல்லில் ஒன்பது அங்குலத்துக்குச் சுவர் எழுப்பினால் போதும். உள்ளே எட்டடி எட்டடியாகவே இருக்க, வெளியே ஓரடி கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. பாலம் கட்டி மிச்சமான செங்கல் போர்டு கிடங்கில் இருந்தது. போர்டுச் செங்கல்லைத் தனியார் வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்று நான் சட்டம் பேசினேன். "வீட்டுக்குன்னு யார் சொன்னா? வடிகால் பக்கச்சுவர்னு எழுதும்" என்றார்.

இடிக்கும் முன்பு அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். எங்கள் டேப்பை நம்பாமல், கஞ்சி போட்ட பாவு நூல் ஒன்றை எடுத்து, அறையின் உள்கூட்டுக்குச் சரியாக இழுத்து, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டு, அஞ்சறைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கூரைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்துச் சுவரை இடித்தோம். நாலு நாள் அந்த வீட்டுக்கு முகப்பே இல்லை. வீட்டுக்காரர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தெருவே பார்த்திருக்க நெய்துகொண்டிருந்தார்.

புதுச்சுவர் எழும்பி, பூச்சும் உலர்ந்த அன்று அந்த அம்மா நூலை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கணவர் பிடித்தார். மறுமுனை சுவரைத் தொட்டது. தொட்டும் நூல் விறைப்பாக இல்லை, அரை விரல்கடை தொய்ந்தது. உள்பூச்சின் கனத்தை நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை, சாஸ்திரத்தில் தேறிய ஓவர்சீயர் உட்பட. அந்த அம்மா ஓவர்சீயரைப் பார்த்தார், அவ்வளவுதான். வெளியே புரட்டாசி மேகம் கூடியிருந்தது. அரை விரல்கடையில் என்னம்மா இருக்கிறது என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஓவர்சீயர் கேட்கவில்லை. கொத்தனாரின் கரண்டியை வாங்கி, பூச்சைத் தம் கையாலேயே சுரண்டத் தொடங்கினார். கொத்தனாரும் நானும் சேர்ந்துகொண்டோம். மத்தியானத்துக்குள் உள்பக்கம் வெறும் செங்கல்லாகிவிட்டது. நூல் விறைத்து நின்றது. "இப்ப எட்டுங்க" என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். சின்னவளுக்கு மட்டும் குறை. சுவர் மெலிந்ததில் ஜன்னலில் உட்கார இடமில்லை என்று ஓவர்சீயரிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பின் நடந்த கூத்துக்கு நானே பொறுப்பு. வேலையைச் சரிபார்க்கச் சேலத்திலிருந்து இஞ்சினீயர் வந்தார். நான் எழுதிய அளவுப் புத்தகத்தை அந்த வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். "வடிகால் பக்கச்சுவர், உயரம் எட்டடி. கழிவு: கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று." ஓவர்சீயர் சொன்னபடி பக்கச்சுவர் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் சுவரில் திறப்பு இருந்தால் அதைக் கழித்து எழுதவேண்டும் என்பது விதி. விதியை எப்படி மீறுவது? ஓவர்சீயர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் வியர்க்கிறது.

"சாக்கடைக்கு எதுக்கய்யா ஜன்னல்?" என்றார் இஞ்சினீயர். ஓவர்சீயருடைய வேலைக்கே உலை வைத்துவிட்டேன். இஞ்சினீயர் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார். உள்ளேயிருந்து சின்னவள் அவரைப் பார்த்தாள். "இது யாரு?"

"இவளுக்காகத்தான் சார் இந்தச் சாக்கடை" என்றார் ஓவர்சீயர். பிறகு ஒன்றையும் மறைக்காமல் தட்டி, நூல், பூச்சு எல்லாவற்றையும் சொன்னார். இஞ்சினீயர் உள்ளே போய் வெறும் செங்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். "அடுத்த சாக்கடைக்கு மாடி வைக்காம இருந்தா சரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் தேங்கவில்லை. பிறகு ஊரில் வாந்திபேதி இரண்டு தடவை வந்தது. அந்தத் தெருவுக்குள் வரவில்லை. இப்போது வடிகாலின் மேல் காங்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். என் மகன் வீடு கட்டுகிறான். அனுமதிக்கு அவன் கொடுத்திருக்கும் வரைபடத்தில் மாட்டுக்கொட்டில் இல்லை. எல்லாம் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. காலம் கெட்டுவிட்டது என்று பேச எனக்கு வாய் வராது.

யுத்தம் முடிகிற சமயத்தில் சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை இளம்பிள்ளைக்காரர். ஓவர்சீயர் ஆத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. நான்தான் கடிதம் எழுதினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய யுத்தகால பஸ்ஸில் உடம்பெல்லாம் கரியோடு வந்து இறங்கியவர், பந்தலுக்கு வராமல் நேரே போய் வடிகாலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவே தேடிப்போய் அழைத்து வந்து, மணப்பெண்ணை அவர் காலில் விழச் சொன்னார்.

"இவளக் காப்பாத்துனது உங்க சாக்கடைதானுங்க சாமி. தெரியாம அன்னிக்கி மல்லுக்கு நின்னுட்டேன்."

"இல்லைம்மா. உங்க எட்டடிதான்" என்றார் அவர்.

சும்மா சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அந்த அம்மாவின் கணவர், என்றைக்கும் இல்லாத அதிசயமாக, மனைவியைக் காட்டி வாயைத் திறந்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப இவ அவுங்கள ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டா. உங்க தெருவுல சாக்கடை இருக்குதுங்களான்னு."

ஓவர்சீயர் வெகுநேரம் சிரித்தார். பிறகு பந்தியில் எங்களுக்கு இலை போட்டார்கள். உட்காரப் போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய் மாப்பிள்ளையின் தகப்பனாரைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க வீட்டு முன்னறை உள்கூடு எத்தனை அடிங்க?" என்று கேட்டார்.

"பத்துங்க. ஏனுங்க?"

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்.