நான் மாற்றிக் கொடுத்த டிக்கெட்

பதினைந்து வயதில், நேர்மையான ஒரு பஸ் கண்டக்டரை நான் திருடனாக்கினேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது இரண்டு விரல் அகலத் தாள் ஒன்றுதான். மலிவான மையும் கண்டக்டரின் எச்சிலும் பலருடைய கைவியர்வையும் சேர்ந்து, மழையில் நனைந்த செய்தித்தாளைப் போல ஒரு வாடை அந்தக் காலத்து டிக்கெட்டுக்கு உண்டு. தரையில் கிடப்பவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் இருந்ததால், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அந்த வாடை என்னிடம் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு படூரில், அப்பா ஆசிரியர், நான் திருப்போரூரில் பத்தாம் வகுப்பு. நகரத்திலிருந்து புறப்பட்டு வரும் பேருந்து எட்டேகாலுக்கு எங்கள் நிறுத்தத்தை அடையும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கேளம்பாக்கத்தைத் தாண்டினால் உப்பளக் காற்று ஜன்னல் வழியே வந்து உதட்டில் கரிக்கும்.

எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் கண்டக்டர் எழுந்து வரமாட்டார். பின்வாசலை ஒட்டிய இருக்கையில் அமர்ந்தபடி குரல் கொடுப்பார். முன்னால் இருப்பவர் நீட்டிய காசு பத்துப் பேர் கைமாறிப் பின்னால் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாக முன்னால் வரும். "கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்பதுதான் அந்தப் பேருந்தில் அதிகம் கேட்கும் வார்த்தை. நடுவில் நிற்கும் மாணவர்களான எங்களுக்கு அது முழுநேர வேலை. யார் என்று தெரியாத ஒருவர் கையில் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கண்டக்டர் பெயர் ஏகாம்பரம். ஒல்லி உடம்பு, காலருக்குள் மடித்த கைக்குட்டை, ஓயாத வாய். காலாண்டுத் தேர்வின் முதல் நாள் என் பஸ் பாஸைக் கேட்டு வாங்கினார். வகுப்பில் எல்லாருக்கும் அரும்பிய மீசை எனக்கு மட்டும் அரும்பாத ஏக்கத்தில், பாஸில் ஒட்டியிருந்த என் படத்துக்கு நானே பேனாவால் ஒன்று வரைந்திருந்தேன். அவர் பாஸை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"இன்னாடா இது? ஃபோட்டோல மீச கீது, மூஞ்சில காணோம். வர்ற வழியில வுயுந்துடுச்சா?"

"அண்ணாத்த, அது அவங்க நைனா பாஸா இருக்கும்" என்றார் ஒரு பயணி.

"அப்ப நைனாவ வரச் சொல்லு. நீ எறங்கு."

விசிலை ஊதினார். கேளம்பாக்கத்தைத் தாண்டிய வெட்டவெளியில் இறக்கிவிடப்பட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது தமிழ்த் தேர்வில் பாதி முடிந்திருந்தது. அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. மறுநாளிலிருந்து நான் ஏறியதும் "மீச ஏறிட்டாரா? போலாம், ரைட்" என்று அவர் சொல்வதும், பெண்கள் பக்கத்து இருக்கைகளில் சிரிப்பு கிளம்புவதும் வழக்கமாகிவிட்டன. பெயர் பள்ளிக்கும் வந்தது. ஆசிரியர் ஒருவரே ஒரு நாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டார்.

பழிவாங்கும் எண்ணம் எனக்குச் சோறாகவே இருந்தது. அவருடைய பையின் வாரை அறுப்பதாக, விசிலைத் திருடுவதாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. அவரும் ஒரு முறை அத்தனை பேர் நடுவில் நிற்கவேண்டும், அவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். வேறெங்கோ ஒரு கண்டக்டர் பழைய டிக்கெட்டை மறுபடி விற்று மாட்டிக்கொண்ட கதையை டிரைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த அன்று எனக்கு வழி கிடைத்தது. அதன்பின் முந்தின நாள் பொறுக்கிய கேளம்பாக்கம் டிக்கெட் ஒன்றைத் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.

பரிசோதகர்கள் வழியில் நின்றால், எதிரே வரும் பேருந்தின் டிரைவர் உள்ளங்கையில் எழுதுவதுபோல் சைகை காட்டிப்போவார். ஒரு மார்கழிக் காலையில் தையூர் அருகே அந்தச் சைகை வந்தது. "வாங்காதவங்க சீக்கிரம் வாங்கிக்கோங்க, செக்கிங் கீது" என்று ஏகாம்பரம் அவசரப்படுத்தினார். கேளம்பாக்கத்தில் ஏறிய பூக்காரம்மா முன்னாலிருந்து காசு கொடுத்தனுப்பினார். டிக்கெட் கிழிபட்டுக் கை கையாக வந்து என்னிடம் சேர்ந்தது. அதைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பழையதை முன்னால் நீட்டினேன்.

"இது நேத்து வித்த நம்பர்" என்றார், ஏறி வந்து பூக்காரம்மாவின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த பரிசோதகர்.

"எனுக்கு இன்னா தெரியும் சார்? காசு குடுத்தேன், இத்த குடுத்தாங்க" என்றார் பூக்காரம்மா.

ஏகாம்பரம் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். "நானு இப்பதான் சார் புதுசு கியிச்சிக் குடுத்தேன்."

"அப்ப அது எங்க?"

"அண்ணாத்த, டிக்கெட்ட ஊறுகா போட்டு விக்கிறியா?" என்று ஒரு குரல் கேட்டது. நான் விரும்பிய அதே சிரிப்பு எழுந்தது. டிக்கெட் வந்த வழியில் நின்ற ஒவ்வொரு முகமாக அவர் பார்த்துக்கொண்டே வந்தார். என்னையும் பார்த்தார், ஒரு கணமும் தயங்காமல் அவர் கண் அடுத்தவருக்குப் போனது. அந்த அளவுக்கு என்னால் முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இனித்தது, மறைக்காமல் சொல்கிறேன். அப்பாவுக்குச் செய்தி எட்டி, "அந்தாளா? நான் ஓடி வர்றதைப் பார்த்து எத்தனை தடவை வண்டியை நிறுத்தியிருக்கார்" என்று வருத்தப்பட்டபோதுகூட அந்த இனிப்பு குறையவில்லை.

அது குறையப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. அந்தச் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, அவற்றில் ஒன்றில் எனக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு டீக்கடையில் "ஊறுகா வர்றாரு, பெஞ்ச காலி பண்ணு" என்ற கேலி கேட்டுத் திரும்பினால், ஏகாம்பரம் வந்துகொண்டிருந்தார். இரண்டு வருடம் பணியிடை நீக்கத்தில் இருந்தாராம். திரும்ப எடுத்துக்கொண்டபோது பையைக் கொடுக்காமல், பேருந்து கழுவும் வேலைக்குப் போட்டார்களாம். கடைக்காரர்தான் சொன்னார்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுப் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். பாதிக்கப்பட்டவரே மனுவில் கையெழுத்திட்டால் பதிவைத் திருத்தலாம் என்றார்கள். என் கடிதத்தையும் அந்த மனுவையும் எடுத்துக்கொண்டு திருப்போரூரில் அவர் வீட்டுக்குப் போய், யார் என்று சொல்லி, செய்ததையும் சொன்னேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்லா எய்தியிருக்க. வாத்தியார் புள்ள இல்ல?" என்றார். "எம் பேர கய்வி வுட்டுட்டு நீ நிம்மதியா வூட்டுக்குப் போவணும். அதான?"

கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"போட மாட்டேன். எம் பேர் அப்டியே கெடக்கட்டும். நானு செமந்தேன், இனிமே நீயும் செமந்துகினு இரு."

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை அந்த மனுவோடு போய்க்கொண்டிருக்கிறேன். என் தலையும் நரைத்துவிட்டது. படூர் நிறுத்தத்தில் நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிய மரம் இப்போது இல்லை. டிக்கெட்டை இயந்திரம் அச்சிடுகிறது. கண்டக்டர்கள் நெரிசலில் நீந்திக்கொண்டு வருகிறார்கள். முன்பின் தெரியாதவர் கையில் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர்களை அதிகம் காணோம்.

இந்த வருடம் போனபோது அவர் கட்டிலில் இருந்தார். வலது கை நிற்காமல் நடுங்கியது. பேனாவை நீட்டினேன்; தன் கையையே வேடிக்கை பார்ப்பவர்போல் பார்த்தார்.

"இனிமே நானே நெனச்சாலும் ஆவாதுப்பா" என்றார்.

"கைநாட்டு வெச்சாலும் செல்லும்யா" என்றேன்.

"நானு பத்தாவது பாஸு. கைநாட்டு வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போடும்படி உள்ளே மருமகளுக்குக் குரல் கொடுத்தார்.